கால் இல்லை, வலி இருக்கிறது

1

ஊருக்கு வந்து போக இப்போது ஓர் அனுமதிச் சீட்டு வேண்டுமாம். முன்பெல்லாம் எழும்பூரில் ரயிலேறினால் தனுஷ்கோடியில் கடல், கடலைத் தாண்டினால் தலைமன்னார், மறுநாள் யாழ்ப்பாணம். நடுவில் யாரும் "நீ யார்?" என்று கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள். கேட்பதற்கென்றே ஓர் அலுவலகம், ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா.

சென்ற வாரம் அந்தக் குமாஸ்தா என் பழைய பள்ளிக்கூடச் சான்றிதழைப் புரட்டினார். அதில் என் அங்க அடையாளங்கள் இரண்டு. வலது கணுக்காலில் கறுப்பு மச்சம். வலது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு. சான்றிதழ் எழுதிய வாத்தியாருக்கு அன்றைக்கு என் மற்றக் கால்மேல் ஏனோ நம்பிக்கை இருக்கவில்லை.

"மச்சத்தைக் காட்டுங்க" என்றார்.

வேட்டியை உயர்த்தினேன். மரம் தெரிந்தது.

"இது இன்னா சார்?" என்றார் பக்கத்தில் நின்ற சேவகர்.

"கால்."

"மச்சம் எங்க கீது?"

"அது பழைய காலோடு போய்விட்டது."

குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இந்த சர்டிபிகேட்டுல இருக்கற ஆள் நீங்கதான்னு நான் எப்படிங்க எழுதறது?"

"நானும் அதைத்தான் ஆறு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.

சேவகர் சிரித்துவிட்டார். "சார், காலு இல்லன்னு எவனாவது பொய் சொல்வானா? மூஞ்சப் பாத்தா தெர்ல? எய்துங்க சார், மனுசன் எம்மா நேரம் நிப்பாரு!"

குமாஸ்தா நெடுநேரம் யோசித்து, அழகான கையெழுத்தில் எழுதினார்: "மச்சம் தற்போது இல்லை."

தற்போது! அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மயிலாப்பூர் வரை சிரித்தபடியே வந்தேன். வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் பார்த்தபோதுதான், கால் போய் அன்றோடு ஆறு வருஷம் என்பது தெரிந்தது. அந்த நாளையே மறந்திருந்தேன். முதல் வருஷத்தில் மணியைக்கூட மறக்காமல் இருந்தவன் நான். இந்த மறதிக்கு யாருக்கெல்லாம் நன்றி சொல்லவேண்டும் என்று எண்ணத் தொடங்கினேன். அந்த எண்ணந்தான் ஊரிலுள்ள உங்களுக்கு எழுதும் இந்தக் குறிப்பு.

2

நான் ஓரிடத்தில் இருக்கமாட்டாதவன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் பிறந்து, பட்டினத்தில் படித்து, கொழும்பில் மூன்று வேலை பார்த்து, மூன்றையும் விட்டு, கவிதை எழுதப்போகிறேன் என்று சென்னைக்குக் கப்பலேறியவன். கவிதை சோறு போடவில்லை. மயிலாப்பூரில் ஓர் அச்சுக்கூடம் போட்டது. மெய்ப்புப் பார்ப்பது வேலை. பகலெல்லாம் பிறர் எழுத்தில் பிழை பொறுக்குவேன். மாலையில் நடப்பேன். சாந்தோம் மணலில் இறங்கி அடையாற்று முகத்துவாரம் வரை. சில நாள் தியாகராய நகரின் புதுத் தெருக்களில், வீடுகளைவிட மரங்கள் அதிகமாயிருந்த அந்த நாட்களில், வழி தவறுவதற்காகவே. என் வரிகளெல்லாம் காலில் பிறந்தவை. உட்கார்ந்து எழுதியது ஒன்றும் தேறியதில்லை.

ஓடும் டிராமிலிருந்து இறங்க இந்த ஊர்க்காரருக்கு யாரும் கற்றுத் தருவதில்லை. வண்டி போகும் திசைக்கு முகம் கொடுத்து, கம்பியை ஒரு கையால் பிடித்து, அதோடு இரண்டடி ஓடி, விட்டுவிடுவார்கள். நானும் பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் இறங்கினேன்.

தீவில் நாம் தோணியிலிருந்து எப்படி இறங்குவோம்? தோணியைப் பார்த்துத்தானே. முகம் தோணிக்கு, முதுகு கரைக்கு. விளிம்பை இரு கையாலும் பற்றி, வலது காலைப் பின்னால் நீட்டி, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பாதத்தால் கேட்டு. யுத்தத்துக்குப் பயந்து ஓடிய சனம் திரும்பி வந்து சென்னைப் பட்டணம் மறுபடி நிரம்பிய காலம். ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் ஒரு மழை. தெருவெல்லாம் தண்ணீர். தண்ணீரைக் கண்டதும் என் உடம்பு பன்னிரண்டு வருஷத்தை மறந்து, தீவுக்குப் போய்விட்டது. டிராமைத் தோணியென்று நினைத்து, அதைப் பார்த்தபடி, காலைப் பின்னால் நீட்டி ஆழம் கேட்டேன்.

வண்டி நிற்கவில்லை. அவ்வளவுதான் சொல்வேன். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு நான்கு விரல் கீழே வெட்டினார்கள். வெட்டாவிட்டால் ஆளே போயிருப்பேன் என்றார்கள்; அது உண்மை.

3

மரக்கால் செய்து தந்தவர் திருவல்லிக்கேணிக் காதர் பாய். குதிரைச் சேணம் தைக்கும் குடும்பம். மரத்தைக் கடைந்து, முழங்கால் அமரும் குழிக்கு ஆட்டுத்தோல் பொதிந்து, வார் பூட்டி, முதற்பிள்ளையைத் தருவதுபோல் இரு கையாலும் தந்தார். நான் அதை ஒரு நாள் பூட்டினேன். மூலையில் சாத்தினேன். நான்கு மாதம் அது அங்கேயே நின்றது.

காரணத்தை யாருக்கும் சொல்லவில்லை. பூட்டி எழுந்த நொடியில், இல்லாத பாதத்தின் இல்லாத பெருவிரல் உள்ளே மடங்கிக்கொண்டது. நிமிர்த்த முடியவில்லை. அதனடியில் நெருப்பு. பார்த்தால் மரம், கண்ணை மூடினால் என் கால், எரிந்துகொண்டு. ஆஸ்பத்திரியில் ஒருவரிடம் ஒருமுறை மெல்லச் சொன்னேன். "மனப்பிரமை, போகப் போகச் சரியாகும்" என்றார். சரியாகவில்லை. எனக்குப் புத்தி பேதலிக்கிறது என்று நானே முடிவு செய்தேன். இன்னொரு முடிவும் செய்தேன்: எரிகிறதென்றால் ஏதோ அழிகிறது. மரக்கால்தான் என் மிச்சத்தையும் தின்கிறது.

பாய் வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடித்து வருவார். மூலையைப் பார்ப்பார்.

"இன்னா சார், காலுக்கு மால போட்டு சாமி கும்புட்றீங்களா? நட்கறதுக்கு குட்த்தா நிக்க வச்சிகினு கீறீங்களே!"

நான் சிரிப்பேன். அவர் தூசியைத் தம் துண்டால் துடைத்துவிட்டுப் போவார்.

சென்னையிலிருந்த நம்மூர்க்காரரும் வந்தார்கள். ஆளுக்கொரு பிஸ்கட் பெட்டி, ஆளுக்கொரு "எல்லாம் முன்வினை". சிறு வயதில் சைவப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு தத்துவங்களையும் மூச்சு விடாமல் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவன் நான். இப்போது படுக்கையில் ஒப்புவித்துப் பார்த்தேன். முப்பத்தாறும் வரிசையாக வந்தன. ஒன்றும் என் கட்டிலருகே உட்காரவில்லை.

அப்போதுதான் ஊரிலிருந்து அண்ணையின், என் மூத்த சகோதரரின், கடிதம் வந்தது. "பொங்கல் கழிய நான் வாறன். உன்னைத் தூக்கிக்கொண்டு வர எல்லா ஒழுங்கும் செய்யிறன். இனி நீ எழும்பவே தேவையில்லை. நாங்கள் பார்ப்பம்." அந்தக் கடிதத்தில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால்தான் பயம் வந்தது. தூக்கிக்கொண்டு போனால் பிறகு நான் எழும்பமாட்டேன்; எழும்ப யாரும் விடமாட்டார்கள். அச்சுக்கூட முதலாளியும் பொங்கல் வரைதான் என் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். என் மனைவி சிவகாமி, ஊருக்குக் கொண்டுபோக முடியாதென்று, பெரிய அண்டாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

4

முதலாளி நல்லவர். "ஆள் வராட்டி என்ன, காலி போகட்டும்" என்று, காலி என்று நாங்கள் சொல்லும், அச்சுக் கோத்த பத்திகளின் நீளத் தாள்களை வீட்டுக்கே அனுப்பினார். கல்லூரி மாணவருக்கான ஒரு தத்துவப் பாடநூல். தமிழில் அதெல்லாம் எழுதத் தொடங்கியிருந்த காலம். எழுதியவர் தியாகராய நகரிலிருந்த ஓர் அம்மாள், பெண்கள் கல்லூரி ஒன்றில் தத்துவ ஆசிரியை.

மெய்ப்புப் பார்க்க இருவர் வேண்டும். ஒருவர் கையெழுத்து மூலத்தை உரக்க வாசிக்க, மற்றவர் அச்சுத் தாளில் கண் வைத்துப் பின்தொடர வேண்டும். வாசிக்க ஆளில்லாமல் சிவகாமி உட்கார்ந்தாள்.

"வாசிக்கட்டே?"

"வாசியும்."

"'அறிபவன், கமா, அறிவு, கமா, அறியப்படுபொருள், புள்ளி.' இஞ்சாருங்கோ, இதெல்லாம் ஒரு மனுசர் காசு குடுத்துப் படிக்கிறவையோ?"

"பொருளைப் பாராதையும். எழுத்தைப் பாரும்."

அது எங்கள் தொழிலின் முதல் விதி. பொருளில் இறங்கினவன் பிழையைத் தவறவிடுவான். பதினைந்து நாள் அப்படியே, கல் பொறுக்குவதுபோல் எழுத்துப் பொறுக்கினேன். காட்சி, அனுமானம், ஐயம், காரணம் எல்லாம் ஈய எழுத்துகளாகவே என்னைக் கடந்து போயின.

பதினாறாம் நாள் அவள் இதை வாசித்தாள்: "எதையும் ஐயுறலாம். ஆயினும் தன் காலில் வலியை உணர்பவன், தனக்குக் கால் உண்டு என்பதை ஐயுற இயலாது. புள்ளி."

என் பென்சில் நின்றுவிட்டது.

"ஏன், பிழையோ?" என்றாள்.

"ஓம்" என்றேன். "பிழை."

இன்னொரு விதியும் உண்டு: நூலாசிரியரின் கருத்தில் ஐயம் வந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடலாம், அதற்குமேல் ஓர் எழுத்தும் எழுதக்கூடாது. ஓரத்தில் எழுதுவதெல்லாம் அச்சுக் கோப்பவருக்கு இடும் கட்டளை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த விதியை மீறினேன். நான்கு சொல் எழுதினேன்: "கால் இல்லை. வலி இருக்கிறது."

சிவகாமிக்குக் காட்டாமல் தாளைச் சுருட்டி அனுப்பிவிட்டேன்.

5

அச்சுக் கோப்பவர் முனுசாமி விசுவாசமானவர். ஓரத்தில் இருந்ததை உள்ளே சேர்த்துவிட்டார். பிறகு கேட்டபோது, "நீங்க எய்தி குட்த்தீங்க, நான் கோத்தேன். இன்னா எய்தினீங்கன்னு பாக்கறது என் வேலயா சார்?" என்றார். நியாயந்தான். அவருக்கும் பொருளைப் பார்க்கக்கூடாது என்ற விதி உண்டு.

திருத்திய தாள் நூலாசிரியைக்குப் போயிற்று. நான்காம் நாள் காலையில் வாசலில் ஜட்கா நின்றது. அப்போது என் மகள் பவளத்துக்குப் பதினொரு வயது. உள்ளே ஓடி வந்தாள்.

"அப்பா, யாரோ மாமி வந்திருக்கா. ரொம்பக் கோவமா இருக்கா."

"'வந்திருக்கா' என்னடி? 'வந்திருக்கினம்' எண்டு சொல்லு" என்றாள் சிவகாமி, அந்த அவசரத்திலும்.

அந்த அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். கையில் என் தாள்.

"இந்த ப்ரூஃப் பாக்கறவர் யாரு? நான் ஒரு வருஷம் உக்காந்து எழுதினது. நீங்க நடுவுல கவிதை எழுதி வச்சிருக்கேள்!"

"அது கவிதை இல்லை, அம்மா."

"பின்னே?"

போர்வையை விலக்கினேன். அவர் பார்த்தார். யாரும் சொல்லாமலே பாயில் உட்கார்ந்தார். "ஐயோ பாவம்" வரும் என்று காத்திருந்தேன். அதற்குள் நான்கு மாதத்தில் அந்தச் சொல்லுக்குப் பழகியிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"எந்த விரல்?"

"பெருவிரல்."

"இப்பவும் வலிக்கறதா?"

"இப்போதும்."

"நசுங்கற மாதிரியா, எரியற மாதிரியா?"

"மடங்கி, எரிகிற மாதிரி. மரக்காலைப் பூட்டினால் இன்னும் கூட."

கதவருகே சிவகாமி நின்றாள். "எனக்கேன் சொல்லேல்லை?" என்றாள். குரல் கோபமாகத்தான் இருந்தது. "நாலு மாசம் பக்கத்திலை இருக்கிறன். எனக்குச் சொல்லாமல் கடுதாசியிலை எழுதி அச்சுக்கெல்லோ அனுப்பியிருக்கிறியள்!"

"விசர் எண்டு நினைப்பீர் எண்டு பயந்தன்."

அந்த அம்மாள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தாளைப் பார்த்தார். "என் வாக்கியம் தப்பு" என்றார். "இந்த மாதிரி வலியைப் பத்தி மேல்நாட்டுல எழுதினதை நான் படிச்சே இருக்கேன். பரீட்சையில கேள்வியாக்கூடக் கொடுத்திருக்கேன். இருந்தும் எழுதிட்டேன் பாருங்கோ. ரெண்டு காலும் இருக்கறவளோட அலட்சியம்."

"அப்போது எனக்குப் பைத்தியம் இல்லையா?"

"வலிக்கறதுன்னு சொல்றேளே, அதை யாரும் மறுக்க முடியாது. நீங்களே மறுக்க முடியாது. அது நிஜம். அதுக்கு மேல என்னல்லாம் சேத்துக்கறேள், அதைச் சொல்லுங்கோ."

"கால் எரிகிறது."

"காலே இல்லையே. சரி, அப்புறம்?"

"மரக்கால் என் மிச்சக் காலை அழிக்கிறது."

"அது தெரிஞ்சதா, ஊகமா?"

"ஊகம்."

"யாரையாவது கேட்டேளா?"

"இல்லை."

"நாலு மாசம் ஒரு ஊகத்தைக் கட்டிண்டு படுத்திருக்கேள்" என்றார் அவர். கடுமையாகத்தான் சொன்னார். இன்றுவரை எனக்கு யாரும் அவ்வளவு மரியாதை செய்ததில்லை. இரக்கப்பட்டவர்கள் எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். அவர் என் முடிவில் பிழை கண்டார். பிழை காணத் தகுந்தவன் உயிரோடிருக்கிறவன் அல்லவா!

6

வெள்ளிக்கிழமை காதர் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சன்னலோரம் என்னை இழுத்து உட்காரவைத்து, முழங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் அழுத்தினார்.

"தோலு சோக்கா கீது சார். புண்ணு இல்ல, செவப்பு இல்ல, ஒரு கொப்புளம் இல்ல. அட அல்லா, நாலு மாசமா எங்காலு மேல பழி போட்டுகினு இருந்தீங்களா?"

மறுநாள் டாக்டரிடமும் காட்டினேன்; அவரும் அதையே சொன்னார். வலி அப்படியே இருந்தது. ஆனால் என் ஊகம் செத்துவிட்டது. அது செத்தபின் வலி வெறும் வலியாகச் சிறுத்தது. கட்டளையிடும் அதிகாரத்தை இழந்தது.

அந்த அம்மாள் நூலின் மிச்சத் தாள்களைத் தாமே கொண்டுவரத் தொடங்கினார், வாரம் இருமுறை. இப்போது நான் பொருளில் இறங்கியே படித்தேன். பிழைகள் தப்பின, முனுசாமி திட்டினார். காரணம் பற்றிய அத்தியாயத்தில், "ஏன் நேர்ந்தது" என்பதும் "ஏன் எனக்கு நேர்ந்தது" என்பதும் ஒரே கேள்வி அல்ல என்று இருந்தது. முதற் கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது: டிராமைத் தோணியென்று நினைத்தேன். இரண்டாவதை அந்தப் பிஸ்கட் பெட்டிகளோடு அலமாரியில் வைத்துவிட்டேன். இதற்காக நம்மூர்ச் சைவர்கள் என்னைக் கோபிக்கவேண்டாம். அது பொய்யென்று சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அதோடு நடக்க முடியவில்லை.

சிவகாமி என்னைவிட வேகமாகக் கற்றாள். தாள் வாசித்த பழக்கத்தில் ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் கட்டிலில் கிடந்து "எல்லாம் முடிஞ்சுது" என்றால், அரிசி களைந்தபடி கேட்பாள்:

"மூலத்திலை அப்பிடிக் கிடக்கோ?"

மூலத்தில் என்ன கிடக்கிறது? பெருவிரல் நோகிறது. அவ்வளவே. முடிந்தது என்பது நான் ஓரத்தில் எழுதியது. அடித்துவிட்டு எழுவேன்.

ஒன்றையும் மிகைப்படுத்தமாட்டேன். சில நாள் எந்த நியாயமும் உதவவில்லை, தலையணையைக் கடித்தேன். "தத்துவம் மருந்து இல்லை, அதைக் குடிச்சுட்டுப் படுத்துக்க முடியாது" என்று அந்த அம்மாளே சொன்னார். இன்றும் மழைக்காலத்தில் அந்த விரல் மடங்குகிறது. மரக்காலோடு அச்சுக்கூடத்துக்கு நடக்கையில், லஸ் மூலையில் நின்று, "நோகிறாய், தெரியும், வா போவோம்" என்று அதற்குச் சொல்லிவிட்டு நடக்கிறேன். பவளம் இப்போது அந்த அம்மாளின் வகுப்பில் தர்க்கம் படிக்கிறாள். தாயோடு வாதாட அது மிகவும் பயன்படுகிறது. "உங்க ஊர்ல மழை பெய்யுமாப்பா?" என்று போன மாதம் கேட்டாள். உங்க ஊர். அந்த நோவுக்கு இன்னும் எந்த அத்தியாயத்திலும் விடை கிடைக்கவில்லை.

7

அந்த வருஷம், பொங்கல் கழிய வருவேன் என்ற அண்ணை, பொங்கலுக்கு ஐந்து நாள் முன்பே வந்துவிட்டார்.

அதற்குள் நான் சுவரைப் பிடித்தபடி அறைக்குள் நடக்கத் தொடங்கிப் பத்து நாள். அறைக்கும் வாசற்கதவுக்கும் நடுவில் முற்றம். முற்றத்தில் பிடிக்கச் சுவரில்லை. அங்கே சிவகாமியின் தோளில்லாமல் நான் போனதில்லை. அன்று காலை அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றாள். பவளம் பள்ளிக்கூடத்தில். கதவு உட்புறம் தாழிட்டிருந்தது. அவர்கள் கொல்லை வழியாகப் போயிருந்தார்கள்.

"தம்பி! கதவைத் திறவனடா! நான் அண்ணை!"

குரல் கேட்டதும் பெருவிரல் மடங்கிக்கொண்டது. பொறுங்கள், சிவகாமி வந்துவிடுவாள் என்று கத்தியிருக்கலாம். வாயெடுத்தேன். கத்தினால் அண்ணை வெளியே நின்று எல்லாவற்றையும் விளங்கிக்கொள்வார். அதோடு நான் தூக்கிப்போகும் சாமானாகிவிடுவேன்.

வாரைப் பூட்டினேன். எழுந்தேன். சுவர் முடிந்த இடத்தில் கையை விட்டேன். முதலடியில் நெருப்பு பாதத்திலிருந்து இடுப்புவரை ஏறியது. இல்லாத பாதம், இருக்கிற நெருப்பு. தோல் நன்றாகத்தான் இருக்கிறது, பார்த்தாயிற்று, இரண்டு பேர் பார்த்தார்கள் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாமடி. முற்றத்தின் நடுவில் ஒருமுறை உடம்பு சாய்ந்து, வானம் சாய்ந்து, இரண்டும் சேர்ந்தே நிமிர்ந்தன. பதினோரு அடி. தாழ்ப்பாள் குளிர்ந்திருந்தது.

திறந்தேன். அண்ணை நின்றார். அவருக்குப் பின்னால் எழும்பூரிலிருந்து பிடித்து வந்த இரண்டு கூலிக்காரர். அவர்கள் நடுவில் ஒரு சாய்வு நாற்காலி, இருபுறமும் மூங்கில் கட்டி, தூக்குவதற்குத் தயாராக.

அண்ணை என் முகத்தைப் பார்த்தார். வேட்டிக்குக் கீழே பார்த்தார். திரும்பவும் முகத்தை. என் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

"நோகுதோடா?"

"ஓம் அண்ணை. நல்லா நோகுது."

"பின்னை ஏன் எழும்பினனீ?"

"தட்டினது நீங்களெல்லோ!"

அண்ணை உள்ளே வந்தார். நாற்காலியை முற்றத்தில் இறக்கச் சொன்னார். எனக்கென்று கடல் கடந்து கொண்டுவந்த அந்த நாற்காலியில் தாமே உட்கார்ந்து, தோளிலிருந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.